திருகோணமலைக் கால்வாயில் குளிர்காலம்

கனடாவின் மேற்குக் கரையில் எங்கள் திருகோணமலையின் பெயரில் ஒரு கடல் இருக்கிறது என்று சொன்னால் ரொறொன்ரோவில் இருக்கும் உறவினர்கள் நம்புவதில்லை. கடற்படத்தை விரித்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள். வன்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் சிறு தீவுகளின் நடுவில், கலியானோ என்ற நீண்டு ஒடுங்கிய தீவுக்கும் சோல்ற் ஸ்பிறிங் தீவுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்புக்கு ஆங்கிலக் கடற்படையினர் வைத்துவிட்டுப் போன பெயர் 'திரிங்கோமாலி சனல்'. பெயர் நேரே ஊரிலிருந்து வந்ததல்ல. ஒரு போர்க்கப்பலின் வழியாக வந்தது. 1782ல் திருகோணமலைக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்சண்டையின் நினைவாகப் பெயரிடப்பட்டு, பம்பாயில் வாடியா என்ற பார்சிக் கப்பற்கட்டுநர் குடும்பத்தால் தேக்கில் கட்டப்பட்டு, 1817ல் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. 1850களில் பசிபிக் பிரிவில் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற துறையில் அருங்காட்சிக் கப்பலாக மிதக்கிறது. பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. நாங்கள் அதைத் திருகோணமலைக் கால்வாய் என்றே சொல்லிக்கொள்கிறோம். சொல்வதை யார் தடுக்கமுடியும்?

இந்தக் கடல் முழுவதற்கும் இப்போது சேலிஷ் கடல் என்று பெயர். அமெரிக்கர்கள் 2009லும் கனடியர்கள் 2010லும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பு ஸ்பானியரும் ஆங்கிலேயரும் தங்கள் கப்பல்களின், தளபதிகளின், அரசர்களின் பெயர்களையே ஒவ்வொரு பாறைக்கும் வைத்துத் தீர்த்திருந்தார்கள். கரையோர சேலிஷ் மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக வேறு பெயர்களால் அழைத்துவந்த இடங்கள் இவை. பெயர் இழந்த ஊர்களைப்பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

வேனிற்காலத்தில் இங்கே நங்கூரம் போட இடம் கிடைக்காது. ஒக்ரோபர் முடிய எல்லோரும் படகுகளை நீலத் தறப்பாளால் மூடிக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் அப்போதுதான் வெளிக்கிடுகிறோம். இதில் வீரம் ஒன்றும் இல்லை. எங்களில் ஒருவர் கட்டட வேலை, ஒருவர் உணவகத்துக் குசினி, மற்றவர் ராக்ஸி. மூன்று பேருக்கும் வேனிலில் மூச்சுவிட நேரமில்லை. மார்கழி, தையில்தான் சேர்ந்தாற்போல் நாலு நாள் கிடைக்கிறது. பாய்ப்படகு என்றால் பணக்காரரின் பொழுதுபோக்கு என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். முப்பதடி நீளமான, நாற்பது வயதுப் பைபர்கிளாஸ் படகொன்றைப் பாவித்த காரின் விலைக்கும் குறைவாக வாங்கலாம். கட்டிவைக்கிற இடத்துக்கு மாதாமாதம் கொடுக்கிற வாடகைதான் கொல்லும். அதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம்.

குளிர்காலத்தில் கடலில் முதலில் தட்டுப்படுவது குளிர் அல்ல, வெளிச்சம். மார்கழி 21 அளவில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகு எழும்பிப் பின்னேரம் நாலேகாலுக்குப் படுத்துவிடும். எட்டேகால் மணித்தியாலப் பகல். எங்கள் படகு நல்ல காற்றில் ஐந்து நொட் வேகத்தில் போகும். வன்கூவரிலிருந்து ஜோர்ஜியா நீரிணையைக் குறுக்கறுத்து தீவுகளின் வாசலுக்குப் போக ஏறக்குறைய 25 கடல் மைல். ஐந்து மணித்தியாலம். எட்டில் ஐந்து போனால் மிச்சம் மூன்று என்று கணக்குப் பார்க்கத் தோன்றும். ஆனால் வாசல் எப்போதும் திறந்திருப்பதில்லை.

வாசல் என்று நாங்கள் சொல்வது தீவுகளுக்கு இடையே இருக்கும் ஒடுக்கங்களை. யாழ்ப்பாணத்துக் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. இங்கே மூன்று மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். அவ்வளவு தண்ணீரும் நாளுக்கு நாலு தரம் இந்த ஒடுக்கங்களால் உள்ளே போய் வெளியே வரவேண்டும். கலியானோவுக்கும் வல்டெஸ் தீவுக்கும் இடையிலுள்ள போர்லியர் ஒடுக்கத்தில் நீரோட்டம் ஒன்பது நொட் வரை ஓடும். ஐந்து நொட் போகிற படகு ஒன்பது நொட் ஓட்டத்துக்கு எதிரே நின்றால் முன்னுக்குப் போவதாக நினைத்துக்கொண்டே பின்னுக்குப் போகும். ஓட்டத்தோடு போகலாமே என்றால், சுழிகள் சுக்கானைக் கையிலிருந்து பிடுங்கும். காற்று எதிரே அடித்தால் அலை மதில்போல நிமிர்ந்து நிற்கும். அதனால் ஓட்டம் திரும்புகிற நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பெருக்கு முடிந்து வற்றுத் தொடங்குமுன் தண்ணீர் நிற்கிற சில நிமிடங்கள் அவை. கடல்நீர் அட்டவணையில் அந்த நேரம் நிமிடக் கணக்கில் அச்சடித்திருக்கும். அந்த நேரம் பகலில் விழவேண்டும், எங்களுடைய ஐந்து மணித்தியாலமும் அதற்குப் பொருந்தவேண்டும், காற்றும் சம்மதிக்கவேண்டும். மூன்றும் சேர்ந்துவருகிற நாட்கள் மார்கழியில் மிகச் சில.

இன்னொரு ஒடுக்கமும் உண்டு, கலியானோவுக்கும் மேய்ன் தீவுக்கும் நடுவில். அக்ரிவ் பாஸ் என்பார்கள். பெரிய பயணிகள் கப்பல்கள் விக்ரோறியாப் பக்கம் போய்வருவது அதன் வழியாகத்தான். 1970 ஓகஸ்ற்றில் ஒரு சோவியத் சரக்குக் கப்பல் அந்த வளைவில் பயணிகள் கப்பலொன்றின் விலாவில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். எங்களுக்குப் போர்லியர் போதும்.

குளிரைப்பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மார்கழியில் இந்தத் தண்ணீர் ஏழு எட்டுப் பாகை. ஆட்கள் பயப்படுவது விறைத்துச் சாவதற்கு. உண்மையில் அவ்வளவு நேரம்கூடப் பலருக்குக் கிடைப்பதில்லை. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிறெக்ற் என்ற ஆய்வாளர் தன் உடம்பையே பனித்தண்ணீரில் இறக்கிப் பார்த்துக் கண்டவற்றை இங்குள்ள கடலோடிகள் ஒன்று, பத்து, ஒன்று என்று மனப்பாடமாய் வைத்திருக்கிறார்கள். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் சொல்லைக் கேளாது, திணறி இழுக்கும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த பத்து நிமிடம் கையும் காலும் வேலை செய்யும். பிறகு விரல் மடங்காது, கயிறு கையில் இருந்தும் பிடிக்கமுடியாது. உடம்பின் உட்சூடு இறங்கி நினைவு போக ஒரு மணித்தியாலம் செல்லும். மிதவையங்கி போட்டவருக்குத்தான் அந்த ஒரு மணித்தியாலம். போடாதவர் பத்தாவது நிமிடத்தோடு சரி. ஆகவே எங்கள் படகில் ஒரு சட்டம்: மேற்தட்டுக்கு வருகிறவர் மிதவையங்கியும் இடுப்புவாரும் போட்டு, அணியத்திலிருந்து கடையார் வரை ஓடும் நாடாவில் கொழுவிக்கொண்டுதான் வரவேண்டும். மூத்திரம் பெய்ய வந்தாலும் அப்படித்தான். குளிர்காலத்தில் கடலில் விழுகிறவர்களைவிட, உறைபனி படிந்த மிதவைப் பாலத்தில் வழுக்கி, கட்டியிருக்கும் படகுக்கும் பலகைக்கும் நடுவில் விழுகிறவர்கள் பற்றியே நாங்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

உள்ளே ஒரு சின்ன டீசல் அடுப்பு இருக்கிறது, சூட்டுக்கும் தேத்தண்ணிக்கும் அதுதான். வெளியே இரண்டு பாகை, உள்ளே பதினெட்டு. மூன்று பேர் விடுகிற மூச்சு முழுதும் சுவரில் முட்டித் தண்ணீராய் வழியும். மெத்தைக்குக் கீழே குளம். காலையில் எழும்பினால் முகத்தில் மேற்தட்டின் திருகாணியிலிருந்து ஒரு சொட்டு விழும். முதல் வருடம் சோறும் கறியும் சமைத்தோம்; அந்த நீராவி இரண்டு நாள் போகவில்லை. இப்போது பாணும், வீட்டில் பொரித்துக் கொண்டுவருகிற மீனும், மிளகாய்ச் சம்பலும். அடுப்பு எரிகிறபோது சன்னல் ஒன்று அரைவாசி திறந்திருக்கும். காபன் மொனொக்சைட் மணி ஒன்று தலைமாட்டில் தொங்கும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துவிட்டுப் படுத்து எழும்பாமல் போனவர்கள் உண்டு.

மரக்குற்றிகளைப்பற்றி எந்த விளம்பரப் புத்தகமும் எழுதாது. இது காட்டுமரத் தொழிலால் எழும்பிய மாகாணம். தெப்பங்களிலிருந்து தப்பிய குற்றிகள் கடற்கரை முழுதும் எலும்புக்கூடுகள்போல வெள்ளையாய்க் கிடக்கும். வேனிலில் அவை கரையில் கிடந்து வெயில் காயும். மார்கழி, தைப் பெருக்கில் தண்ணீர் வருடத்தின் உச்சத்துக்கு ஏற, அதோடு ஒரு புயலும் சேர்ந்தால், அவ்வளவும் மிதந்து வெளிக்கிடும். அவற்றில் மோசமானது நீரூறி நிமிர்ந்து மிதக்கும் குற்றி. தலை மட்டும் ஒரு சாண் தெரியும், சிலவேளை அதுவும் தெரியாது. அலையோடு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இருட்டில் நாங்கள் ஓடாததற்கு முதற்காரணம் அதுதான். பகலிலும் ஒருவர் அணியத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். கடல்நாயின் தலையும் மரக்குற்றியின் தலையும் தூரத்துக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கடல்நாய் திரும்பிப் பார்க்கும், குற்றி பார்க்காது.

எங்களில் மூத்தவர் மயிலிட்டிக்காரர். தகப்பன் கடற்றொழில். 1990ல் அந்த ஊர் இடம்பெயர்ந்தபிறகு துறைமுகம் இராணுவத்தின் கையில் இருந்து, 2017லேதான் திரும்பிக் கிடைத்தது. இந்தக் கடலின் காற்றுகளுக்கு அவர் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார். பசிபிக்கிலிருந்து தாழமுக்கம் ஒன்று வருகிறபோது முதலில் அடிப்பது தென்கிழக்குக் காற்று. சாம்பல் வானம், கிடையாக அடிக்கும் மழை, பாரமானி மணிக்கு மணி இறங்கும். அதை அவர் சோளகக்கொண்டல் என்பார். தாழமுக்கம் கடந்ததும் காற்று திடீரென்று கச்சானுக்கு மாறும். வானம் கிழிந்து வெயில் வரும். புதியவர்கள் சந்தோஷப்பட்டு வெளிக்கிடுவார்கள். அதுவும் நல்ல காற்றல்ல. மூன்றாவதுதான் உண்மையான குளிர்காற்று. கனடாவின் உள்நாட்டில் உறைந்து தேங்கிய கனமான காற்று பிறேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் கடலுக்கு ஊற்றுப்போல வரும். வடகிழக்கிலிருந்து. வானத்தில் ஒரு முகில் இராது. தெறிக்கிற தண்ணீர் கயிற்றில் பட்டதும் உறையும், முடிச்சு அவிழாது. ஊரில் மார்கழி வாடையும் இந்தத் திசையிலிருந்துதான். அங்கே வாடைக்குப் போர்வை போர்த்துக்கொண்டு முருங்கைக்காய்க் கறியோடு சோறு தின்றோம் என்று அவர் சொல்லும்போது மற்ற இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை.

கடலில் வானொலியைத் திருப்பினால் ஒரு இயந்திரக் குரல் நாள் முழுதும் காற்றின் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும். 20 நொட்டிலிருந்து 33 வரை பலத்த காற்று, 34லிருந்து 47 வரை கடுங்காற்று, 48க்கு மேல் புயல். அதற்கு நடுவில், இன்னும் ஆள் இருக்கிற சில வெளிச்சவீடுகளின் காவலர்கள் தங்கள் கண்ணால் கண்டதைக் கொடுத்த அறிக்கைகளும் வரும். அலை எத்தனை அடி, எத்தனை மைல் தெரிகிறது, மழையா தூறலா. இயந்திரத்தைவிட எங்களுக்கு அந்த மனிதர்களில்தான் நம்பிக்கை. 2018 மார்கழி 20ல் அடித்த புயல் வைற் றொக்கில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரத்துறையை இரண்டாகப் பிளந்தது. தீவுகளில் நத்தாரைத் தாண்டியும் மின்சாரம் இல்லை. அந்தக் கிழமை நாங்கள் வீட்டில் இருந்தோம்.

போன குளிர்காலத்தில் போர்லியரை ஒரு மதியம் தாண்டித் திருகோணமலைக் கால்வாய்க்குள் இறங்கி, பத்துக் கடல் மைல் தெற்கே ஓடி, இருட்ட முன் மொன்ரேகியூ என்ற குடாவில் போய்க் கட்டினோம். கலியானோவின் மேற்குக் கரையில், முன்னால் ஒரு தீவு மறைத்திருக்கும் நல்ல மறைப்பு. வேனிலில் படகுகள் நிறைந்து வழியும் இடம். அன்றைக்கு எங்களைவிட வேறொரு படகுமில்லை. மறுநாள் காலையில் வானொலி தென்கிழக்கு 40 என்றது. கால்வாய் வடமேற்கும் தென்கிழக்குமாகக் கிடப்பதால் அந்தக் காற்று குழாய்க்குள் ஊதியதுபோல ஏறிவரும். அன்றைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காற்று குறைந்தது. ஆனால் அடுத்த தாழமுக்கம் பின்னேரம் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கும் போகவில்லை.

குளிர்காலப் பாய்ப்பயணம் என்பது முக்கால்வாசியும் இப்படிப் போகாமல் இருப்பதுதான். இங்கே நல்ல கடலோடி என்று மதிக்கப்படுகிறவர் புயலில் ஓடியவர் அல்ல, புயலில் ஓடவேண்டி வராதவர். படகுத்துறையில் எங்கள் பக்கத்துக் கிழவர், முப்பது குளிர்காலம் ஓடியவர், எங்களுக்குப் பழக்கிய முதற் பாடம் நாட்காட்டியை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னதுதான். திங்கட்கிழமை வேலை என்ற எண்ணத்தோடு கடலுக்கு வந்தவனைத்தான் கடல் விழுத்துகிறது என்பது அவருடைய கணக்கு. அதனால் நாலு நாள் லீவென்றால் ஏழு நாளுக்குச் சாமான் ஏற்றுகிறோம்; வேலைத்தலத்திலும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

அந்தக் குடாவின் கடற்கரை வெள்ளையாக இருக்கும். மணல் அல்ல, சிப்பி. சேலிஷ் மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே இருந்து தின்று போட்ட மட்டிச் சிப்பிகள் நொறுங்கி நொறுங்கிக் கரையாகியிருக்கின்றன. இந்தக் கடலில் வேனிலில் மிகத் தாழ்ந்த வற்று பகலில் வரும். குளிர்காலத்தில் அது இரவில் வரும். ஆகவே குளிர்காலத்தில் மட்டி தோண்டுவது பந்த வெளிச்சத்தில், நடுச்சாமத்தில். மற்றப்படி அவர்களுக்குக் குளிர்காலம் பயணக் காலமே அல்ல. வேனிலெல்லாம் சீடர் மரத்தைக் குடைந்த வள்ளங்களில் தீவு தீவாகப் போய் மீனும் கிழங்கும் சேர்த்துவிட்டு, மாரியில் பெரிய பலகை வீடுகளுக்குள் கூடி ஆட்டமும் சடங்கும் நடத்தினார்கள். இந்தக் கடலை எல்லோரையும்விட நன்றாய் அறிந்தவர்கள் இந்த மாதங்களில் வீட்டில் இருந்தார்கள். மழைக்கு நடுவில் ஒருமுறை கரைக்கு இறங்கி அந்தச் சிப்பியில் நடந்தோம். கறுப்பும் வெள்ளையுமான சின்ன வாத்துகள், குளிர்காலத்துக்கென்று உள்நாட்டு ஏரிகளிலிருந்து வருகிறவை, ஒன்றன்பின் ஒன்றாக முழுகி எழும்பின. மாரியில் இந்தத் தண்ணீர் கண்ணாடிமாதிரி. மிதவுயிர்கள் குறைந்துவிடுவதால் இரண்டாள் ஆழத்தில் கிடக்கிற நட்சத்திர மீனும் தெரியும்.

மூன்றாம் நாள் இரவு அடுப்படியில்தான் மயிலிட்டி அண்ணை கிளாலியைப்பற்றிக் கதைத்தார். பத்து வருடமாக ஒன்றாக ஓடுகிறோம், அதுவரை அவர் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறக் கடலேரி ஒன்றுதான் வழி என்றிருந்த காலம். இயந்திரம் பூட்டிய வள்ளமொன்றின் பின்னால் நாலைந்து வள்ளங்களைக் கயிற்றில் கோர்த்து, ஆட்களை நெருக்கி ஏற்றி, விளக்கில்லாமல் இரவில் இழுத்துப்போவார்கள். நாகதேவன்துறையிலிருந்து கடற்படை வரும். 1993 தை 2ம் திகதி அந்த ஏரியில் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டவர்களை எங்கள் தலைமுறையில் எவரும் மறக்கவில்லை. அவர் அதற்குச் சில கிழமை முன்புதான் கடந்திருந்தார்.

"காத்து எப்பிடி, தண்ணி எப்பிடி எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நான் கடற்கரையில பிறந்தவன். அண்டைக்கு வாடை நல்லா எழும்பியிருந்தது. அந்த வள்ளத்தில அவ்வளவு சனம் ஏறக்குடாது எண்டும் தெரியும். ஆனா நாளைக்குப் போவம் எண்டு சொல்ல ஆருக்கும் வழியில்லை."

பிறகு அடுப்பின் திரியைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சொன்னார்: "இஞ்ச மூண்டு நாளாக் கட்டிப்போட்டு இருக்கிறம். ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு இதுதான் பெரிய விசயம்."

வெளியே பாய்மரக் கயிறுகள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் மற்ற இரண்டு பேரும் கொழும்பு வழியாக விமானத்தில் வந்தவர்கள். ஒன்றும் பேசவில்லை.

நாலாம் நாள் வானம் திறந்தது. தெற்கே இறங்கினோம். இடப்பக்கம் அக்ரிவ் ஒடுக்கத்தின் வாயும் மேய்ன் தீவும் தெரியும். அங்கே 1942 வரை ஜப்பானியக் குடும்பங்கள் தக்காளி பயிரிட்டும் மீன்பிடித்தும் இருந்தன. 1941 மார்கழியில் பேர்ள் துறைமுகத் தாக்குதல் நடந்த கையோடு இந்தக் கரை முழுதும் ஜப்பானியக் கனடியர்களின் ஏறக்குறைய 1,200 மீன்பிடிப் படகுகள் பறிக்கப்பட்டு, பிறேசர் ஆற்றில் ஒன்றோடொன்று இடிபடக் கட்டிவைக்கப்பட்டு, பிறகு விற்கப்பட்டன. உரியவர்கள் மலைநாட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 1988ல். வலப்பக்கம் சோல்ற் ஸ்பிறிங்கின் தென்முனைக்கு அருகில் றசல் என்றொரு சின்னத் தீவு. ஹட்சன் குடாக் கொம்பனிக்கு வேலைக்கு வந்த ஹவாய்த் தீவு மனிதர்களில் ஒருவர் அங்கே குடியேறினார். 1902ல் அது மரியா மஹோய் என்ற பெண்ணின் கைக்கு வந்தது, ஹவாய்த் தகப்பனுக்கும் இந்த மண்ணின் தாய்க்கும் பிறந்தவர். அவருடைய வீடு இன்னும் நிற்கிறது. சூடான கடலிலிருந்து வந்து இங்கே ஆப்பிள் நட்டுப் பிள்ளை வளர்த்தவர்களை நினைக்க எங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

அதற்குக் கீழே டார்சி. அதைக் கடக்கும்போது யாரும் அதிகம் கதைப்பதில்லை. 1891ல் விக்ரோறியா நகரசபை குஷ்டரோகிகளான சீனர்களைக் கொண்டுபோய் அந்தத் தீவில் விட்டது. வைத்தியர் இல்லை, தாதி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கப்பல் வரும். அரிசியும் சாமானும் சவப்பெட்டியும் இறக்கிவிட்டுப் போகும். உடம்பு இயலுமானவர் இயலாதவரைப் பார்த்துப் பிறகு புதைத்தார். 1924 வரை அந்தத் தீவில் நோயாளிகள் வைக்கப்பட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் நாங்கள் பார்க்கிற அதே சாம்பல் தண்ணீரை அவர்களும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள், கப்பல் வருகிற திசையில். விக்ரோறியாவின் வெளிச்சம் தெரிகிற தூரம்தான்.

டார்சியைத் தாண்டி ஹாரோ நீரிணையில் வற்றோடு சேர்ந்து தெற்கே இறங்கி, பாறைகளுக்கு நடுவால் மேற்கே திரும்பினால் விக்ரோறியா. அதற்கு அடுத்தது எஸ்குவைமோல்ற் கடற்படைத் துறை. 'திரிங்கோமாலி' என்ற தேக்குக் கப்பல் இந்தக் கரைக்கு வந்த நாட்களில் நங்கூரமிட்டதும் அங்கேதான். 'சன் சீ' வந்து நின்றதும் அங்கேதான். 2009 ஒக்ரோபரில் 'ஓஷன் லேடி'யில் 76 ஆண்கள். அடுத்த வருடம் ஓகஸ்ற் 13ல் 'சன் சீ'யில் 492 பேர்: 380 ஆண்கள், 63 பெண்கள், 49 பிள்ளைகள். தாய்லாந்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம், ஏறக்குறைய அறுபது மீற்றர் நீளமான பழைய சரக்குக் கப்பலில். ஒருவர் வழியிலேயே இறந்தார். அந்த நாட்களில் இங்குள்ள வானொலிகளில் கப்பலைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டவர்களின் குரல்களைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் வேலைக்குப் போனோம். எங்கே திருப்புவது? அந்தப் படகுத்துறைக் கிழவருக்கு மட்டும் வேறொரு கேள்வி இருந்தது. அவ்வளவு தண்ணீரை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு, ஐந்நூறு பேருக்கு.

அதில் வந்த ஒருவரை எங்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் தடுப்பில் இருந்து, வருடக்கணக்கில் விசாரணைக்கு நடந்து, இப்போது குடியுரிமையும் எடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் படகைப் பார்க்க வந்தார். ஏறச் சொன்னோம். ஏறவில்லை. மிதவைப் பாலத்தில் நின்றபடி தேத்தண்ணி குடித்தார், படகின் ஏரா எவ்வளவு ஆழம், பாயைச் சுருக்கிக் கட்டுவது எப்படி என்றெல்லாம் விசாரித்தார். போகும்போதுதான் சொன்னார், விடியற்காலையில் மேற்தட்டில் நின்றபோது ஒரு வெள்ளைக் கோபுரமும் அதோடு ஒட்டி ஒரு செங்கல் வீடும் கண்டாராம். கனடாவில் அவர் கண்ட முதல் வீடு. அது என்ன இடம் என்று பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

பிஸ்கார்ட் வெளிச்சவீடு. 1860ல் ஏற்றியது, கனடாவின் மேற்குக் கரையில் முதலாவது. துறைமுக வாயின் இடப்பக்கத்தில் ஒரு பாறையில் நிற்கிறது. அந்த முறை நாங்கள் விக்ரோறியாவுக்கு நேரே போயிருக்கலாம். மூன்று மைல் கூட ஓடி அதைப் பார்த்துவிட்டு வர மயிலிட்டி அண்ணை கேட்டார். காற்று மேற்கே பன்னிரண்டு நொட், பகலில் இன்னும் ஒன்றரை மணித்தியாலம் மிச்சமிருந்தது. வெளிச்சவீட்டுக்கு நேரே வந்ததும் படகைக் காற்றுக்குத் திருப்பிப் பாய் படபடக்கக் கொஞ்சம் நிறுத்திவைத்தோம். சாய்ந்த வெயில் செங்கல்லில் விழுந்திருந்தது. எங்களில் ஒருவர் கையுறையைக் கழற்றி அவருக்கு அனுப்பப் படம் எடுத்தார். விரல் விறைத்து இரண்டாவது படம் எடுக்க முடியவில்லை. பாயை மறுபக்கம் மாற்றிக்கொண்டு விக்ரோறியாவை நோக்கித் திரும்பினோம்.